சொறிந்தால் தீராத அரிப்பு: தோல் அழற்சியும் அன்றாட வாழ்க்கையும்

குழந்தையின் முழங்கால் மடிப்பில் ஓயாத அரிப்பு, இளைஞரின் கன்னத்தில் சீழ்ப் பரு, அப்பாவின் முழங்கையில் வெள்ளைச் செதில், அம்மாவின் கைவிரல்களில் வெடிப்பு. பார்ப்பதற்கு இவை வெவ்வேறு நோய்கள். ஆனால் வீட்டில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "ரத்தம் கெட்டுப் போச்சு" என்பார்கள். இல்லையென்றால் "உடம்புச் சூடு" என்பார்கள். மருத்துவமும் இவை அனைத்திற்கும் பொதுவான ஒன்றைச் சொல்கிறது. அதற்குப் பெயர் அழற்சி.

தோல் நோய் உயிரைக் கொல்லாது, அது வெறும் அழகுப் பிரச்சினை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதனால் சிலர் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். வேறு சிலர் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கிரீமைத் தடவி, இருந்த நோயோடு புதியதொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உடலின் உள்ளே வளரும் நீரிழிவு போன்ற நோய்களைத் தோல் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். உடலுக்குள் நுழைந்த கிருமியை அழிக்கவும் காயத்தை ஆற்றவும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த இடத்திற்குத் திரண்டு வருவதால்தான் இந்த மாற்றங்கள் ஏற்படுகின்றன. இது உடலுக்குத் தேவையான செயல். வேலை முடிந்ததும் அந்த அணுக்கள் விலக, அழற்சியும் அடங்கிவிடும்.

அது அடங்காதபோதுதான் நோய் தொடங்குகிறது. எதிரியே இல்லாதபோதும், அல்லது சோப்பு, தூசி போன்ற சிறு தூண்டுதலுக்கும் எதிர்ப்பு அணுக்கள் தொடர்ந்து வேலை செய்தால் தோல் நாள்பட்ட அழற்சிக்கு ஆளாகிறது. எக்ஸிமா எனப்படும் கரப்பான், சொரியாசிஸ், முகப்பரு, ஒவ்வாமைத் தடிப்பு ஆகிய எல்லாவற்றிலும் இந்த அடங்காத அழற்சி இருக்கிறது. யாருக்கு எது வரும் என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. எப்போது வரும், எவ்வளவு கடுமையாக வரும் என்பதை உணவு, உறக்கம், வேலை, புகைப்பழக்கம், தோலில் தடவும் பொருள் ஆகியவை பெருமளவு தீர்மானிக்கின்றன. பரம்பரையை மாற்ற முடியாது. மற்றவற்றில் பல நம் கையில் இருக்கின்றன.

சுவர் பழுதானால் அரிப்பு

தோலின் மேல்படலம் செங்கல் சுவர் போன்றது. அணுக்கள் செங்கற்கள் என்றால், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பொருள் சிமெண்டு. உடலின் ஈரம் வெளியேறாமலும், வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உள்ளே போகாமலும் காப்பது இந்தச் சுவர். இதைக் கட்ட உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006-இல் கண்டறியப்பட்டது. ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உள்ள குடும்பங்களில் எக்ஸிமாவும் சேர்ந்தே வருவதைக் காணலாம்.

ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் கட்டிச் சோப்பின் அளவு 9 முதல் 10 வரை. வெயில் நாட்டில் நாளுக்கு இரண்டு மூன்று முறை குளிப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் உடல் முழுவதும் சோப்புப் போட்டு, நாரால் தேய்த்து, போதாக்குறைக்குக் குளிக்கும் நீரில் கிருமிநாசினியும் ஊற்றினால், சுவரின் சிமெண்டு கரைந்து போகிறது. தோல் வறள்கிறது, அரிக்கிறது. சொறிந்தால் சுவர் மேலும் உடைகிறது. உடைந்த இடத்தில் கிருமி புகுந்து அழற்சியை வளர்க்க, அரிப்பு இன்னும் கூடுகிறது. சொறிவதற்கும் அரிப்பதற்கும் இடையிலான இந்தச் சுழலை உடைப்பதுதான் எக்ஸிமா சிகிச்சையின் அடிப்படை.

அதனால்தான் மருத்துவர்கள் முதலில் எழுதிக் கொடுப்பது ஈரப்பதம் காக்கும் கிரீம். அதை மருந்தாகவே மதிக்காமல் ஓரிரு நாளில் நிறுத்திவிடுபவர்கள் பலர். எக்ஸிமா பரவலாக உள்ள பெரியவர் ஒருவருக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். சிறிய குழாய் ஒன்றை ஒரு மாதம் வைத்திருந்தால் பலன் கிடைக்காதது வியப்பில்லை.

கறுத்த தோலில் சிவப்பு தெரியாது

மருத்துவ நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அவற்றில் அழற்சி பளிச்செனச் சிவந்து தெரியும். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் அது ஊதா, சாம்பல், அல்லது அடர் பழுப்பு நிறமாகத் தோன்றும். "சிவக்கவில்லையே, ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவது நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு. நிறத்தைவிடச் சூடு, தடிப்பு, சொரசொரப்பு, அரிப்பு ஆகியவற்றையே கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கறுத்த தோலில் அழற்சி அடங்கிய பிறகு அந்த இடத்தில் நிறமி தங்கிக் கரும்புள்ளியாக நிற்கும். பருவோ பூச்சிக்கடியோ ஒரு வாரத்தில் ஆறிவிடும்; அதன் கறை மாதக்கணக்கில் இருக்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். அந்தக் கறையைப் போக்கத்தான் பலர் வெளுப்பாக்கும் கிரீம்களைத் தேடி ஓடுகிறார்கள். கறை என்பது சாம்பல்; அழற்சிதான் நெருப்பு. நெருப்பை அணைக்காமல் சாம்பலை மட்டும் கூட்டினால் புதுப்புதுக் கறைகள் வந்துகொண்டே இருக்கும்.

சொரியாசிஸ்: தோலோடு நிற்காத நோய்

தோலின் மேல்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே வேலை ஒரு வாரத்திற்குள் நடந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் குவிந்து வெள்ளிச் செதில்களாக உதிர்கின்றன. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகியவை அது வழக்கமாகத் தோன்றும் இடங்கள். நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகளும் வரலாம்.

இது தொற்றுநோய் அல்ல. தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ பரவாது. ஆனாலும் செதிலைக் கண்டு தொழுநோயோ என்று அஞ்சி ஒதுங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்புக்கு அனுப்பிய காலத்தின் அச்சம் மூத்த தலைமுறையின் நினைவிலிருந்து முற்றாக மறையவில்லை. இந்த அச்சத்தால் நோயை மறைத்து, முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து, சிகிச்சைக்கே போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். 2014-இல் உலகச் சுகாதார மாநாடு சொரியாசிஸ் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி, நோயாளிகள் ஒதுக்கப்படுவதைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலகச் சொரியாசிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்த நோயில் அழற்சி தோலில் மட்டும் நிற்பதில்லை. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 விழுக்காடு வரையிலானோருக்கு மூட்டழற்சியும் வரக்கூடும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்திருப்பது, ஒரு விரல் முழுவதும் வீங்குவது, குதிகால் வலி ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றை "வயசாச்சு" என்று தள்ளிவிட்டால் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிப்போகும். கடுமையான சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே, செதிலுக்கு மருந்து வாங்கப் போகும்போதே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் சோதித்துக்கொள்வது நல்லது.

சொரியாசிஸைத் தூண்டும் காரணிகள் பல. தொண்டைப் புண்ணுக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் திடீரென உடலெங்கும் சிறு புள்ளிகளாக அது வெடிப்பதுண்டு. தோலில் கீறல், உரசல், வெயில் கொப்புளம் ஏற்பட்ட இடங்களிலும் அது முளைக்கும். மன உளைச்சலும் மதுவும் கூட்டும். இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்திற்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள்கூடத் தூண்டலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடுமையான நோய்க்கு மெதோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுக்கப்படுவதுண்டு. இது வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்பதைப் பிள்ளைகள் கவனித்துக் கொடுக்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மதுவைத் தொடக்கூடாது, ஈரல் கெட்டுவிடும்.

கழுத்துக் கருமை சொல்லும் செய்தி

பள்ளிப் பிள்ளையின் பின்கழுத்தில் வெல்வெட்டுத் துணி போலத் தடித்துக் கறுத்த பட்டை தெரிந்தால், "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று தேய்த்து விடுவது வழக்கம். அது அழுக்கல்ல, அழற்சி நோயும் அல்ல. உடலில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதால் தோல் அணுக்கள் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூட இது வரும். உடல் எடை கூடிய பிள்ளைக்கு இந்தக் கருமை இருந்தால், பிற்காலத்தில் நீரிழிவு வரும் என்பதற்கான முன்னெச்சரிக்கை அது. எலுமிச்சம்பழத்தால் தேய்ப்பதாலோ கிரீம் தடவுவதாலோ போகாது. எடை குறைந்து இன்சுலின் அளவு இறங்கினால் கருமையும் மெல்ல மங்கும்.

இது நம் சமூகத்திற்கு மிக முக்கியமான செய்தி. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் அதிகம். நீரிழிவு கட்டுப்படாதவர்களுக்குப் பூஞ்சைப் படை, திரும்பத் திரும்ப வரும் கொப்புளக் கட்டி, தோல் வறட்சி, ஆறாத காற்புண் எல்லாம் எளிதில் வரும். கட்டி மேல் கட்டி வந்தால் பத்துப் போடுவதோடு நிறுத்தாமல் ரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

முகப்பருவுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு. வெள்ளை ரொட்டி, இனிப்புப் பானம் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவுகள் இன்சுலினையும் அதை ஒத்த வளர்ச்சிக் காரணியையும் உயர்த்துகின்றன. அவை எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. அவ்வகை உணவைக் குறைத்தவர்களுக்குச் சில வாரங்களில் பரு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாலும், உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் குடிக்கும் பால் புரத மாவும் சிலருக்குப் பருவைக் கூட்டலாம். எண்ணெய்ப் பலகாரம் ஒன்றே பருவுக்குக் காரணம் என்பது முழு உண்மையல்ல.

ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது மேலும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கைக் காலை, மாலை, இரவு என்று குடிப்பவர்கள் இந்த அளவை எளிதில் தாண்டிவிடுவார்கள். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரக்குறியீடு இடப்படுகிறது. மலேசியாவில் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் கலால் வரி உண்டு. ஒட்டுக்கடையில் "சர்க்கரை குறைவாக" என்று கேட்டு வாங்குவது இவற்றைவிட எளிய வழி.

தொப்பை, புகை, தூக்கமின்மை

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அது அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் டி.என்.எஃப். எனப்படும் ஒன்றும் அடங்கும். கடுமையான சொரியாசிஸுக்குப் போடப்படும் விலை உயர்ந்த ஊசிகளில் ஒரு வகை அதே பொருளை அடக்கத்தான் செய்யப்பட்டது. எடை அதிகம் உள்ள நோயாளிகள் அதைக் குறைத்தால் செதில் குறைவதோடு, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வைத்துத் தழும்பாகும் நோய் ஒன்று உண்டு. அந்த நோய்க்கு உடல் பருமனும் புகைப்பழக்கமும் நெருங்கிய துணைகள்.

சிகரெட்டு தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். புண் ஆறுவதும் தாமதமாகும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்ப் புள்ளிகளாக வரும் ஒருவகை நோய் பெரும்பாலும் புகைப்பவர்களிடமே காணப்படுகிறது.

தூக்கத்தையும் சாதாரணமாக எண்ணக்கூடாது. அரிப்பு இரவில் கூடும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் அழற்சி கூடும். இரவு நேர வேலை செய்யும் தொழிற்சாலை ஊழியர்கள், பாதுகாவலர்கள், அதிகாலையில் எல்லை கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜோகூர்க்காரர்கள் ஆகியோருக்கு இது அன்றாடப் பிரச்சினை. எக்ஸிமா உள்ள குழந்தை இரவெல்லாம் சொறிந்துவிட்டு வகுப்பில் தூங்கினால் அதைச் சோம்பேறி என்று சொல்லக்கூடாது. அரிப்பைக் கட்டுப்படுத்தினால் படிப்பும் சரியாகும்.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும்

வேலையிடமே சிலருக்கு நோயின் ஊற்றாக இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் உரம் போடுபவர்கள், மருந்து அடிப்பவர்கள், ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்தைக் கையாள்பவர்கள் ஆகியோரின் கைகளில் எரிச்சலும் வெடிப்பும் வருவது புதிதல்ல. நகத்தையும் தோலையும் கடுமையாகப் பாதித்த பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. மற்ற மருந்துகளைக் கையாளும்போதும் கையுறை, காலணி, முழுக்கை உடை தேவை. கையுறைக்குள் மருந்து சிந்திவிட்டால் கையுறை போடாததைவிட மோசம். உள்ளே அடைபட்ட மருந்து தோலில் ஊறிக்கொண்டே இருக்கும். மருந்து பட்ட உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கக்கூடாது. அவ்வுடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

உணவகங்களில் பாத்திரம் கழுவுபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், சிகை அலங்காரக் கடைகளில் வேலை செய்பவர்கள், தாதியர் ஆகியோருக்குக் கைகள் நாள் முழுவதும் நனைந்திருப்பதால் கை எக்ஸிமா வருகிறது. சிலருக்கு ரப்பர்க் கையுறையே ஒவ்வாது. வேலை நாளில் கூடி, விடுமுறையில் குறையும் அரிப்பு வேலையால் வருவது என்பதற்கு நல்ல அடையாளம். மலேசியாவில் தொழிலால் வரும் தோல் நோய்களும் சொக்சோ காப்புறுதியின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரிடம் என்ன வேலை, என்ன பொருளைத் தொடுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது பின்னாளில் உதவும்.

பொட்டு, கவரிங், தலைச்சாயம்

ஒட்டுப் பொட்டின் பசையில் உள்ள வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் அரிப்பையும், நாளடைவில் வெண்மையான தழும்பையும் உண்டாக்கும். அந்த இடம் அரிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டால் தப்பிக்கலாம். கவரிங் சங்கிலி, மலிவான தோடு, கால்சட்டைப் பொத்தான் ஆகியவற்றிலுள்ள நிக்கல் உலோகத்தால் கழுத்திலும் காதிலும் தொப்புளுக்குக் கீழும் படை வரும். கறுப்புத் தலைச்சாயத்திலும், விழாக்காலங்களில் கையில் போடப்படும் கறுப்பு "மருதாணி"யிலும் இருக்கும் சாயப் பொருள் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கக்கூடியது. முகமே வீங்கிக் கண் மூடிக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். இயற்கை மருதாணி கறுப்பாக இருக்காது, செம்பழுப்பாகத்தான் பிடிக்கும்.

கிரீம் செய்யும் கேடு

"ஏழே நாளில் வெள்ளை" என்று இணையத்திலும் சந்தையிலும் விற்கப்படும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகியவை இருப்பதாக மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் பலமுறை எச்சரித்துள்ளன. பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். தடவுபவரின் கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

ஸ்டீராய்டு கிரீம் விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அச்சத்தால் தடவாமல் விடுவது ஒன்று. எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் அது சரியான மருந்து. சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை தடவினால் பயமில்லை. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கும் அளவு, இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்திற்குப் போதும். மற்றொரு தவறு, மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் முகத்தில் தடவுவது. தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு வெடித்து, நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும்.

படர்தாமரைக்கு இதைத் தடவுவது இன்னும் மோசம். வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும் படை பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு பட்டதும் அரிப்பு அடங்கும்; உள்ளே பூஞ்சை செழித்துப் பரவும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த களிம்புகளை இந்தியாவில் பலரும் மருந்துச் சீட்டில்லாமல் வாங்கித் தடவியதால், எளிதில் அடங்காத படர்தாமரை அங்கு பெரும் பிரச்சினையாகிவிட்டது. ஊருக்குப் போய் வருபவர்கள் அவற்றை வாங்கி வந்து உறவினர்களுக்குப் பங்கு போடுவது நல்லதல்ல.

மூட்டு வலிக்கும் அரிப்புக்கும் "மூலிகை" என்று விற்கப்படும் சில மாத்திரைகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. சாப்பிட்ட மறுநாளே எல்லாம் பறந்துபோனால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். முகம் உருண்டு வீங்குவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் பின்னால் வரும். நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து; மருத்துவரிடம் மாத்திரையைக் காட்டி மெல்லக் குறைக்க வேண்டும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஒட்டுமுத்திரையும் இருக்கும்.

வீட்டு வைத்தியத்தில் எது உதவும்?

சுத்தமான தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது. எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வில் அது கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் பரு வரும் முகத்திற்கு அது ஏற்றதல்ல; துவாரங்களை அடைத்துவிடும். வேப்பிலை, மஞ்சள் இரண்டுக்கும் அழற்சியை அடக்கும் தன்மை ஓரளவு உண்டு என்றாலும், உடைந்து நீர் வடியும் தோலில் அரைத்துப் பூசினால் எரிச்சலும் கிருமித் தொற்றும் வரலாம். வலிக்குத் தடவும் தைலம், எலுமிச்சைச் சாறு, பூண்டு ஆகியவற்றைப் புண்ணில் தடவவே கூடாது. பூண்டு தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும்.

கத்தரிக்காய், கருவாடு, இறால் ஆகியவற்றை விலக்கும் பத்தியம் காலங்காலமாக இருந்து வருகிறது. ஒரு பொருளைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு வந்தால், அது ஒவ்வாமையாக இருக்கலாம். மற்றபடி எல்லோருக்கும் ஒரே பத்தியம் பொருந்தாது. குறிப்பாக, எக்ஸிமா உள்ள குழந்தைக்கு முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் அரிப்பு நிற்காது, வளர்ச்சிதான் நிற்கும். மருத்துவரின் சோதனைக்குப் பிறகே உணவை விலக்க வேண்டும்.

அன்றாடம் செய்யக்கூடியவை

- குளியல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடியட்டும். வெந்நீர் வேண்டாம். சோப்பு அக்குள், இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும்.
- துடைத்த சில நிமிடங்களுக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே, வாசனையில்லாத ஈரப்பதம் காக்கும் கிரீமைத் தடவ வேண்டும்.
- நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். அரித்தால் சொறியாமல் ஈரத்துணியை வைத்து அழுத்தலாம்.
- வியர்த்த உடையை உடனே மாற்ற வேண்டும். பருத்தி உடை நல்லது.
- வெயிலில் வேலை செய்பவர்கள் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். முகத்தில் கறை உள்ளவர்கள் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சூரியத் தடுப்புக் கிரீம் தடவுவது நல்லது.
- தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு என்ற அளவைப் பழக வேண்டும். மத்தி, கெம்போங் போன்ற மீன்களின் கொழுப்பு அழற்சியைத் தணிக்கக்கூடியது; பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல்.
- நாளுக்கு அரை மணி நேர நடை, ஏழு மணி நேரத் தூக்கம், புகையை நிறுத்துவது ஆகிய மூன்றும் தோலுக்கும் இதயத்திற்கும் ஒருசேர உதவும்.

இவை மருந்துக்கு மாற்று அல்ல. மருந்தோடு சேர்ந்தால் மருந்தின் தேவை குறையும்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

புதிய மாத்திரை ஒன்றைத் தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சலோடு தடிப்பு வந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் உரியத் தொடங்கினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. வாத நீருக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளால் இது வரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினாலும், உடல் முழுவதும் சிவந்து செதில் உதிர்ந்து குளிர் எடுத்தாலும் அப்படியே.

அரிக்காத, தொட்டாலும் உணர்ச்சி தெரியாத, வெளிறிய தேமல் தொழுநோயாக இருக்கலாம். இன்று அது 6 முதல் 12 மாத மருந்தில் முழுமையாகக் குணமாகும் நோய். மறைப்பதால்தான் கை கால் ஊனம் வருகிறது. இரவில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அரித்தால், விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருந்தால், அது சொறிப்பூச்சியின் வேலை. ஒருவர் மட்டும் மருந்து போட்டால் தீராது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் போட வேண்டும். நீரிழிவுக்காரரின் காலில் சிறு புண் என்றாலும் அன்றே காட்ட வேண்டும்.

மலேசியாவில் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கும், சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திற்கும் போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ தேசிய சரும நிலையத்திற்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். போகும்போது இதுவரை தடவிய எல்லாக் கிரீம்களையும் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும், பெயரில்லாத டப்பாவையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். வந்து போகும் தடிப்பாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் திட்டுவாரோ என்று அஞ்சிக் கிரீமை மறைத்தால் நோயும் மறைந்துகொள்ளும். சரியான சிகிச்சையும் தள்ளிப் போகும்.